பியானோ பணக்கார வீட்டு வாத்தியமா?

 

இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது பியானோ. "நம்ம ஊர்ல பியானோவே கிடையாதே, அதப் பத்தி எதுக்கு எழுதற?" என்று என் வகுப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மேளமும் நாதஸ்வரமும் வரும், பம்பை வரும், லைட் மியூசிக் பார்ட்டியோடு கீபோர்டு வரும். பியானோ ஒரு நாளும் வந்ததில்லை. பழைய சினிமாவில்தான் பார்த்திருப்போம். பெரிய பங்களா, நடு ஹால், மாடிப்படிக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு பியானோ. கதாநாயகனுக்கு மனசு கஷ்டம் வந்தால் நேராகப் போய் அதன் முன்னால் உட்காருவார். அதனால் பணக்காரர்களுக்குக் கவலை வந்தால் வாசிக்கிற வாத்தியம் அது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

ஆனால் எங்கம்மாவின் போனில் ஒரு வருடமாகப் பியானோ கேட்டு வருகிறேன். எந்தக் கம்பெனியையும் சாராமல், சினிமாவிலும் வராமல், தன் வீட்டில் உட்கார்ந்து வாசித்து உலகத்துக்கே கேட்கக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்களைச் சுயாதீனக் கலைஞர்கள் என்பார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, கேட்பதற்கு முன் என்ன தெரிந்திருந்தால் நல்லது, அது நமக்கு எதற்கு என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. பாதியில் போயிடாதீங்க!

1. பியானோவுக்குள்ளே என்ன இருக்கிறது?

பியானோவை உருவாக்கியவர் இத்தாலி நாட்டின் ஃபுளோரன்ஸ் நகரில் இருந்த பர்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி. காலம் சுமார் 1700. அதற்கு முன்பு ஹார்ப்சிகார்டு என்று ஒரு வாத்தியம் இருந்தது. அதில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் கம்பியை மீட்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். கிறிஸ்டோஃபோரி முள்ளை எடுத்துவிட்டு ஒரு சுத்தியலை வைத்தார். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, பலமாக அழுத்தினால் பெரிய ஒலி. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெதுவாக, 'ஃபோர்ட்டே' என்றால் பலமாக. முழுப் பெயர் பியானோஃபோர்ட்டே. நாம் பாதிப் பெயரைத்தான் கூப்பிடுகிறோம்.

சுத்தியல் என்றதும் இரும்புச் சுத்தியல் என்று நினைக்காதீர்கள். மரச் சுத்தியல், அதன் தலையில் கம்பளி அழுத்திச் செய்த கெட்டித் துணி. இந்தச் சுத்தியல் கம்பியை அடித்ததும் உடனே திரும்பி வந்துவிட வேண்டும். அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கம்பி அதிராது, சத்தம் செத்துப்போகும். இதற்கு கிறிஸ்டோஃபோரி செய்த ஏற்பாடு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். விசைத்தறியில் கோல் நாடாவை ஓர் அடி அடித்து விட்டுவிடுகிறது இல்லையா? கோல் நாடா கூடவே மறுபக்கம் வரை ஓடுவதில்லை. அடி வாங்கிய நாடா தானாகப் பறக்கிறது. பியானோவிலும் கட்டை சுத்தியலைத் தூக்கி எறிகிறது, கடைசித் துளி தூரம் சுத்தியல் தானாகப் பறந்து போய்க் கம்பியைத் தொட்டுத் திரும்புகிறது. தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைக்குப் பியானோவின் ரகசியம் பாதி தெரியும் என்றுதான் சொல்லுவேன்.

கட்டையிலிருந்து விரலை எடுத்தால் ஒரு துணிப் பட்டை வந்து கம்பியில் உட்கார்ந்து ஒலியை நிறுத்தும். வலது கால் பெடலை மிதித்தால் எல்லாப் பட்டைகளும் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து நீண்டு ஒலிக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?
* இன்றைய பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். வெள்ளை 52, கருப்பு 36.
* கம்பிகள் சுமார் 230. மேல் சுரங்களுக்குக் கட்டை ஒன்றுக்கு மூன்று கம்பி. மிகக் கீழ் சுரங்களுக்கு ஒரே தடிமனான கம்பி.
* எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் சுமார் 18 முதல் 20 டன். நாமக்கல் பத்து வீல் லாரி ஏற்றும் சரக்கின் எடை மாதிரி! அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது.
* மிகக் கீழ்க் கட்டை வினாடிக்கு 27.5 முறை அதிரும். மிக மேல் கட்டை சுமார் 4,186 முறை. நம் அறிவியல் பாடத்தில் மனிதக் காது 20 முதல் 20,000 வரை கேட்கும் என்று படித்தோம் அல்லவா? பியானோவின் கீழ்க் கட்டை அந்த ஓரத்திலேயே நிற்கிறது.

2. 'கட்டை' என்ற சொல் நமக்குப் புதிதா?

யாராவது கத்திப் பேசினால் "எட்டுக் கட்டையில கத்தாத" என்று வீட்டில் திட்டுவார்கள். இந்தக் கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை 1, 2, 3, 4, 5, 6, 7 என்று எண்ணுவார்கள். நடுவில் வரும் கருப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பார்கள். பாடகர்கள் "எனக்கு அஞ்சரைக் கட்டை" என்று சொன்னால், அந்தக் கருப்புக் கட்டையில் ஆதார 'ச' வைத்துப் பாடுகிறார் என்று அர்த்தம். பியானோவிலும் இதே வரிசைதான், இதே ஏழு வெள்ளை, ஐந்து கருப்பு திரும்பத் திரும்ப வரும். ஆக மொத்தம் 12. நம் சங்கீதத்திலும் சுர ஸ்தானங்கள் 12.

இதை வைத்து ஒரு வேடிக்கை பார்க்கலாம். கருப்புக் கட்டைகளை மட்டும் நாலரையில் ஆரம்பித்து வரிசையாக அழுத்தினால் வருவது மோகன ராகத்தின் சுரங்கள்! வெள்ளையைத் தொடவே வேண்டாம். அடுத்து வெள்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் கட்டையில் ஆரம்பித்தால் சங்கராபரணம். இரண்டில் ஆரம்பித்தால் கரகரப்பிரியா. மூன்றில் தோடி. நாலில் கல்யாணி. ஐந்தில் அரிகாம்போதி. ஆறில் நடபைரவி. ஏழில் மட்டும் பஞ்சமம் சரியாக அமையாது. கட்டைகள் அதே கட்டைகள்தான், ஆரம்பிக்கும் இடம் மாறினால் ராகமே மாறுகிறது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். நோம்பியில் கீபோர்டு வாசிக்க வந்த அண்ணா ஒருவரிடம், பாட்டுக்கு இடையில் பயந்து பயந்து இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆறையும் வாசித்துக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

3. பியானோவால் முடியாதது என்ன?

நல்லதை மட்டும் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அதனால் குறையையும் சொல்கிறேன். மேலே 'தோடியின் சுரங்கள்' பியானோவில் கிடைக்கும் என்றேன். ஆனால் தோடி கிடைக்காது! ஏனென்றால் நம் ராகத்துக்கு உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போவது, அசைப்பது, இழைப்பது. நாதஸ்வரக்காரர் மூச்சாலும் விரலாலும் அதைச் செய்கிறார். வயலின்காரர் விரலை இழுக்கிறார். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வழியே கிடையாது. மாடிப்படி மாதிரி ஏறி இறங்கலாம், சறுக்குமரம் மாதிரி சறுக்க முடியாது.

இதே காரணத்தைச் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971ல்தான் தடையைத் தளர்த்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு வாத்தியத்துக்கு ரேடியோவில் இடமில்லை!

அப்படியானால் கர்நாடக இசைக்கும் பியானோவுக்கும் ஒத்தே வராதா? சென்னையைச் சேர்ந்த பியானோக் கலைஞர் அனில் சீனிவாசன் இதற்கு ஒரு வழி காட்டினார். சிக்கில் குருசரண் கர்நாடக இசையில் பாட, இவர் பியானோ வாசிக்கிறார். குருசரண், புல்லாங்குழலில் புகழ்பெற்ற சிக்கில் சகோதரிகளின் குடும்பத்தில் வந்தவர். கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்கிறது. பியானோ அதைக் காப்பியடிப்பதில்லை. பாட்டுக்கு அடியில் பல சுரங்களைச் சேர்த்துத் தாங்கிப் பிடிக்கிறது. தன்னால் முடியாததை விட்டுக்கொடுத்து, முடிந்ததைச் செய்கிறது. இருவரும் சேர்ந்து செய்ததைக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடுதான்.

வயலினும் ஒரு காலத்தில் வெளிநாட்டு வாத்தியம்தான். சுமார் 200 வருடத்துக்கு முன்பு முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். ஆகவே வாத்தியம் எந்த ஊரில் பிறந்தது என்பதை வைத்து 'இது நமக்கில்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

4. தனியாக வாசித்து உலகத்துக்குக் கொடுத்தவர்கள்

முதலில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. சென்னையில் 2005ல் பிறந்த லிடியன் நாதஸ்வரம். 2019ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் முதல் பரிசு வாங்கினார். பரிசு 10 லட்சம் டாலர். அப்போது வயது 13, நம்மைவிடச் சின்னவர்! ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவ் எழுதிய, வண்டு பறப்பதைப் போன்ற ஓர் இசையை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பிறகு 325 தட்டு வேகத்திலும் வாசித்தார். அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அவர் பெயரிலேயே இசை இருக்கிறது. லிடியன் என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுர வரிசை. நாலாம் கட்டையில் ஆரம்பித்து வெள்ளையை மட்டும் வாசிப்பது. அதாவது நம் கல்யாணி!

"அவங்க அப்பாவே இசைத்துறையில இருக்காரு, நமக்கு அப்படியா?" என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, ஜெர்மனியில் பிறந்த கிமிகோ இஷிசாகா என்ற பியானோக் கலைஞர். பாக் என்ற இசைமேதை 1741ல் வெளியிட்ட 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்ற பெரிய இசைத் தொகுப்பை அவர் வாசித்துப் பதிவு செய்தார். ஒரு முதன்மைப் பாட்டு, அதன் 30 மாறுபாடுகள், முடிவில் மறுபடி அதே பாட்டு. இதற்கான செலவை ஒரு கம்பெனியிடம் கேட்கவில்லை. கேட்க ஆசைப்பட்டவர்களிடமே இணையத்தில் முன்கூட்டிப் பணம் திரட்டினார்கள். நோம்பிக்கு வீட்டுக்கு வீடு வரி வசூல் பண்ணிப் பந்தல் போடுகிற மாதிரி. 2012ல் பதிவு வந்தபோது, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம், நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார்கள். வரி கொடுத்தவர்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே பந்தல்!

மூன்றாமவர் வாசித்ததற்காக அல்ல, சேர்த்து வைத்ததற்காகச் சொல்லப்பட வேண்டியவர். எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006ல் இணையத்தில் ஓர் இசை நூலகம் ஆரம்பித்தார். காப்புரிமை முடிந்துபோன பழைய இசைக் குறிப்புகளை அதில் இலவசமாகப் படிக்கலாம். 2007ல் ஐரோப்பாவின் ஒரு பதிப்பகம் வக்கீல் கடிதம் அனுப்பியதால் நூலகத்தை மூடினார். 2008ல் மறுபடி திறந்தார். இன்றைக்கும் தனியாகப் பியானோ கற்கும் பலருக்கு அதுதான் இசைப் புத்தகக் கடை, காசு இல்லாத கடை.

காப்புரிமை என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒருவர் எழுதிய இசை, அவர் இறந்து 60 வருடம் வரை அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அதன் பிறகு எல்லோருக்கும் பொது. ஆனால் கவனம்! பழைய இசையை இன்று ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால், அந்தப் பதிவு வாசித்தவருக்குத்தான் உரிமை. அவராகப் பொதுவில் விட்டால் மட்டுமே நாம் எடுத்துப் பயன்படுத்தலாம்.

5. எப்படிக் கண்டுபிடிப்பது?

இது என் அனுபவத்தில் தெரிந்துகொண்ட வழி.

அ) ஆளைத் தேடாதீர்கள், பாட்டைத் தேடுங்கள். பெரிய பெயரைத் தேடினால் பெரிய பெயர்தான் வரும். நான் தேடியது பிரான்ஸ் நாட்டின் எரிக் சாட்டி 1888ல் எழுதிய 'ஜிம்னொபெடி' என்ற மெதுவான இசை. வேகமே கிடையாது. ஆரம்பத்திலேயே 'மெதுவாக, வேதனையோடு' வாசி என்று அவர் குறிப்பு எழுதியிருக்கிறார்.

ஆ) ஒரே பாட்டை மூன்று பேரிடம் கேளுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒருவர் ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் காத்திருப்பார். இன்னொருவர் அவசரமாக முடிப்பார். மூன்றாமவர் இடது கையை மெதுவாகவும் வலது கையைக் கொஞ்சம் பலமாகவும் வாசிப்பார். எழுதியது ஒன்றுதான், ஆள் மாறினால் வேறு. திருக்குறளை மூன்று பேர் ஒப்புவிக்கிற மாதிரி.

இ) எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒரு பதிவை நான் பார்த்தபோது முந்நூறு பேர்கூடப் பார்த்திருக்கவில்லை. கூட்டம் இருக்கிற கடையில்தான் நல்ல முறுக்கு கிடைக்கும் என்று சட்டமா?

ஈ) கையைப் பாருங்கள். இப்போது கம்ப்யூட்டரே உருவாக்கும் பியானோ இசையும் ஏராளமாக வருகிறது. வாசிக்கிறவரின் பெயர், அவரது விரல்கள், நடுவில் ஒரு மூச்சுச் சத்தம், நாற்காலி கிரீச்சிடுவது, இதெல்லாம் இருந்தால் பெரும்பாலும் ஒரு மனிதர் வாசிக்கிறார் என்று நம்பலாம்.

உ) கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். யார் எழுதிய இசை, யார் வாசித்தது என்று நல்ல கலைஞர்கள் கட்டாயம் குறிப்பிடுவார்கள். அதிலிருந்து அடுத்த பெயர் கிடைக்கும். ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்கு வாய்க்கால் போவது மாதிரி போய்க்கொண்டே இருக்கலாம்.

ஊ) ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இசையின் பெயர், எழுதியவர், வாசித்தவர், எனக்கு எப்படி இருந்தது என்று ஐந்து கட்டம். என் நோட்டில் இதுவரை 41 பதிவுகள்.

எ) டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வீடியோவின் தரத்தை மிகக் குறைவாக வைத்தால் கொஞ்சம்தான் செலவாகும். பியானோ கேட்க முகம் பளிச்சென்று தெரிய வேண்டியதில்லை.

ஏ) பெரியவர்களுக்குத் தெரிந்தே கேளுங்கள். நம் பெயர், ஊர், போன் நம்பர் எதையும் எங்கேயும் எழுதக் கூடாது. கேட்பதற்கு நம் காது மட்டும் போதும்.

6. வாத்தியமே இல்லாமல் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கம்மா தறி ஓட்டுகிறார். அப்பா லாரியில் போனால் வர பத்து, பதினைந்து நாள் ஆகும். எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. அம்மாவின் போன் எனக்குக் கிடைப்பது ராத்திரி அரை மணி நேரம். சொந்தக்காரர் ஒருவர், "வாத்தியமும் இல்ல, வாத்தியாரும் இல்ல, கேட்டு என்ன கண்ணு ஆகப்போவுது? பத்தாவது வரப்போவுது, மார்க்கப் பாரு" என்றார். அவர் சொன்னதில் அன்பு இருக்கிறது. ஆனால் எனக்குச் சில பதில்கள் இருக்கின்றன.

ஒன்று. இளையராஜா பிறந்தது பண்ணைப்புரம் என்ற கிராமம். அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். சென்னைக்குப் போன பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். கற்கும் நாள் வந்தபோது அவருக்குக் காது தயாராக இருந்தது. வாத்தியம் பிறகு வரலாம், காதை இன்றைக்கே தயார் செய்யலாம்.

இரண்டு. காது தயாராவது நிஜம். முதலில் எனக்கு எல்லாப் பியானோவும் ஒரே 'டிங் டிங்'தான். இப்போது இடது கை தனியாக, வலது கை தனியாகக் கேட்கிறது. சினிமாப் பாட்டிலும் அடியில் ஓடும் சுரம் கேட்கிறது. ஒருநாள் சாட்டியின் இசையை எங்க அப்புச்சியின் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "என்ன கண்ணு இது, ஓட்டு மேல மழை சொட்டுறாப்பல இருக்குது?" என்றார். அப்புச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு வாரம் யோசித்தும் என் நோட்டில் எழுத முடியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்தக் கட்டத்தில் அப்புச்சி சொன்னதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று. நான் பியானோக் கலைஞர் ஆவேனா என்று எனக்குத் தெரியாது. மேல்படிப்பு எதுவரை என்றே வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆனால் 'இது உன்னுது இல்ல' என்று யாரும் என்னிடம் சொல்லிவிட முடியாத ஒன்று எனக்கு இப்போது தெரியும். தறிச் சத்தம் நின்றதும் ராத்திரியில் அரை மணி நேரம், எங்கோ ஒருவர் தன் வீட்டில் வாசித்ததை நான் கேட்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் கேட்பதற்கு யாரோ இருப்பார்கள் என்று நம்பித்தானே வாசித்து வைத்தார்? அந்த 'யாரோ' நான்தான். நீங்களும் ஆகலாம்.

7. வேண்டுகோள்

தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுப் பெரியவர்களுக்கும் பணிவோடு கேட்டுக்கொள்வது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் கருவி இசையும் உண்டு. நம் பள்ளிப் பிள்ளைகள் பறையில் நன்றாக அடிக்கிறார்கள், பாடுகிறார்கள். கட்டை வாத்தியம் தொட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. பியானோ கேட்கவில்லை! 61 கட்டை உள்ள ஒரு சாதாரண கீபோர்டு போதும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வாங்கும்போது, மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிறிஸ்டோஃபோரி செய்த வேலையே வீணாகிவிடும்.

அது வரும்வரை இன்னொன்று செய்யலாம். ஜெர்மன் பியானோக் கலைஞர் நில்ஸ் ஃப்ராம் 2015ல் பியானோ தினம் என்று ஒன்றைத் தொடங்கினார். வருடத்தின் 88வது நாள், ஏனென்றால் கட்டைகள் 88. அது மார்ச் 29, லீப் வருடத்தில் மார்ச் 28. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பரீட்சை நேரம்தான். இருந்தாலும் அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் நம் ஸ்மார்ட் வகுப்பறையில் பத்தே நிமிடம் பியானோ போட அனுமதி தர வேண்டுகிறேன்.

செய்து பாருங்கள்

இந்த இதழுக்குக் கீழே ஓர் அட்டை தொங்குகிறது. அதில் ஒரு பியானோவின் ஏழு வெள்ளைக் கட்டைகளையும் ஐந்து கருப்புக் கட்டைகளையும் நிஜ அளவில் வரைந்திருக்கிறேன். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏழும் சேர்ந்தால் சுமார் பதினாறரை சென்டிமீட்டர். 88 கட்டையும் வரைந்தால் நாலடி நீளம் வரும், நம் பெஞ்சு போதும். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை வைத்துப் பாருங்கள். கை கழுவிட்டுத் தொடுங்க, ப்ளீஸ்!

மூளைக்கு வேலை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்று கட்டைகள் இருக்கின்றன. "மூணரைக் கட்டை" என்று மட்டும் யாரும் சொல்வதே இல்லை. ஏன்? விடை அட்டையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள். அடுத்த இதழில் உங்கள் பெயர் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி